காட்டுக்கு மூன்று டார்ச்

பிப்ரவரி 12, புதன்

இன்றும் ஒரு பார்சல். தலையில் மாட்டிக்கொள்ளும் டார்ச். இதோடு மூன்று. உஷா பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு நாள் காட்டுக்குப் போறதுக்கு மூணு டார்ச்சா மாமா? புலிக்கு ஒண்ணு, யானைக்கு ஒண்ணு குடுக்கப் போறீங்களா?" என்றாள்.

இதில் சிவப்பு விளக்கு உண்டு, மிருகங்கள் மிரளாது என்று பெண்டாட்டிக்கு விளக்கம் சொன்னேன். அது பொய்யில்லை. வாங்கிய காரணம் மட்டும் வேறு. பொழுது சாய்ந்தால் எங்கள் அபார்ட்மென்ட் மாடிப்படி எனக்குத் தெரிவதில்லை.

ஏப்ரலில் கபினி காட்டில் சஃபாரி. இளவேனிலின் ஒன்பதாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும். மகளுக்குப் போன வருஷமே கொடுத்த வாக்கு.

பிப்ரவரி 16, ஞாயிறு

எழுதித்தான் ஆகவேண்டும். வேறு யாரிடம் சொல்வது?

டிசம்பரில் ஆபீஸ் பார்க்கிங்கில் தூணில் காரை இடித்தேனே, அதற்கு மறுநாள்தான் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணாடி பவர் மாறியிருக்கும் என்ற நினைப்பில். டாக்டர் கேத்தரின், கோலார்ப் பக்கத்துத் தமிழ் பேசுகிறவர், என் கண்ணுக்குள் வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்ததும் முதல் கேள்வி: "உங்க அப்பா அம்மா சொந்தத்துல கட்டினவங்களா?"

ஆமாம். அம்மா கட்டிக்கொண்டது சொந்தத் தாய்மாமனை.

விழித்திரை ஓரத்திலிருந்து பட்டுப்போய்க்கொண்டே உள்ளே வருகிறதாம். முதலில் இருட்டில் தெரியாது. அப்புறம் பக்கவாட்டில் தெரியாது. அப்புறம் நடுவில் மிஞ்சியிருக்கும் ஓட்டையும் சுருங்கும். மருந்து இல்லை, ஆபரேஷன் இல்லை. கம்பெனி சாஃப்ட்வேரில் எந்த மூலையில் தப்பு இருந்தாலும் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். சிரிப்புத்தான் வருகிறது.

அடுத்து டாக்டர் கேட்டார்: "நீங்க?"

நானும்தான். உஷா என் மாமா பெண். "அப்ப பொண்ணையும் கூட்டிட்டு வாங்க. தள்ளிப் போடாதீங்க" என்றார்.

இரண்டு மாதமாகிறது. கூட்டிப்போகவில்லை. போக வேண்டுமென்றால் உஷாவிடம் சொல்ல வேண்டும். பாப்பாவுக்கும் இருக்கு என்று ஒரு காகிதத்தில் அடித்துக் கையில் கொடுத்துவிட்டால் நான் என்ன பண்ணுவேன்? தெரியாதவரைக்கும் இல்லை என்று வைத்துக்கொள்ளலாமே — ஹரிஷ்குமார், நீ ஒரு கோழை. சரி. எழுதியாகிவிட்டது.

பிப்ரவரி 27, வியாழன்

இருட்டில் ஒளிரும் டேப் வந்தது. கூடாரக் கயிறு காலில் தட்டாமல் இருக்க ஒட்டுவது. "நாம தங்கறது காட்டேஜ்ல. கூடாரம் எங்க இருக்கு?" என்று உஷா கேட்டாள். நன்றாக ஒட்டுகிறதா என்று சோதிக்கிறேன் என்று சொல்லி, மாடிப்படி முழுக்க ஒட்டிவிட்டேன். மேல் வீட்டு சீனிவாசராகவன் சார் பார்த்துவிட்டு, "என்ன ஹரிஷ், படியிலயும் சஃபாரியா?" என்று சிரித்தார். அவருக்கு நான் பார்சல் பைத்தியம்.

எது கேட்டாலும் "காட்டுக்கு" என்கிறேன். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

சாயங்காலம் கரண்ட் போயிற்று. பெங்களூர் ஓரத்து அத்திபெலேயில் இதொன்றும் புதிதில்லை. இளவேனிலை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனேன். "காட்டுல இருட்டா இருக்கும். கண்ணு பழகணும். டார்ச் இல்லாம இந்த முனையிலேர்ந்து அந்த முனைக்கு நட பாப்பா."

வழியில் ஒரு பக்கெட்டை முன்பே நானே கொண்டுபோய் வைத்திருந்தேன். என்ன அப்பன் நான்!

முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள். பக்கெட் உருண்ட சத்தம் கேட்டது. "அய்யோ, கால் இடிச்சிடுச்சு. போதும்ப்பா, கீழ போலாம்."

கையிலிருந்த டார்ச்சைப் போடக்கூடத் தோன்றவில்லை. கடவுளே, என் கண்ணை முழுசா எடுத்துக்கோ. இப்பவே எடுத்துக்கோ. அவளோடத விட்டுடு. விட்டுடு.

மார்ச் 11, செவ்வாய்

இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. ஆபீஸ் டென்ஷன் என்று சொன்னேன். உஷா நம்பினாளா?

மார்ச் 23, ஞாயிறு

பைனாகுலர் வாங்க இளவேனிலோடு மல்லேஸ்வரம். பஸ், மெட்ரோ. "கார் இருக்கும்போது எதுக்கு பஸ்?" என்று உஷா கேட்டதற்கு டிராஃபிக் என்றேன். என்னை அவள் ஒரு மாதிரி பார்த்தாள்.

கடைக்காரர் நல்லவர். முன்கண்ணாடி பெரிதாக இருப்பதை வாங்குங்கள், மங்கலிலும் வெளிச்சத்தை இழுத்துக் கொடுக்கும் என்றார். ஆசையோடு எடுத்துப் பார்த்தேன். பைனாகுலரே ஒரு குழாய். என் பார்வையும் குழாய். எதிர் மாடியில் ஒரு ஜன்னல் தெரிந்தது, அதில் ஒரு கம்பி தெரிந்தது, அவ்வளவுதான். இளவேனில் வாங்கிப் பார்த்துவிட்டு, அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் பூனை, அதற்குப் பக்கத்தில் துளசித் தொட்டி, துணிக்கொடியில் ஒரு கிளிப் உடைந்திருக்கிறது என்று அடுக்கினாள். பகல்தானே. பகலில் எனக்கும்தான் பதினைந்து வயதில் எல்லாம் தெரிந்தது.

வாங்கிவிட்டோம். அவளுக்காக என்று சொல்லிக்கொண்டேன்.

ஏப்ரல் 2, புதன்

இருட்டில் பச்சையாகக் காட்டும் கருவி ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். கடைசி நம்பிக்கை மாதிரி. ரிசார்ட்டுக்கு போன் செய்தேன். அதெல்லாம் ஜீப்பில் கொண்டுவர அனுமதி இல்லையாம். காட்டுக்குள் கொண்டுபோக முடியாததை எப்படிக் "காட்டுக்கு" என்று வாங்குவது? விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 10, வியாழன்

பை கட்டினோம். கட்டியது இளவேனில். நான் வைத்ததையெல்லாம் எடுத்து வெளியே போட்டாள். "மூணு டார்ச்ல ஒண்ணு போதும். பைனாகுலர் முக்காலி வேணாம், ஜீப்ல எங்க நிறுத்துவீங்க? பவர் பேங்க் ஒண்ணு. மூஞ்சிக்குத் துணி, புழுதி அடிக்கும். தொப்பி. மண் கலர் சட்டை. பைனாகுலர். முடிஞ்சுது." அரைப் பைதான் ஆயிற்று. குழந்தைக்குக் காட்டுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. காட்டுக்குத்தானே அவள் போகிறாள்.

கண் தெரியும்போதே ஒரே ஒரு தடவை புலியைப் பார்த்துவிட வேண்டும். அவளோடு, ஒரே சமயத்தில். அதற்குமேல் எனக்கு ஆசை ஒன்றும் மிச்சமில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நேற்று மாலை சஃபாரி. ஜீப்பில் நாங்கள் மூவரும், மைசூரிலிருந்து வந்த ஒரு குடும்பமும். வெளிச்சம் இருந்தவரை நேர் எதிரே வந்ததெல்லாம் எனக்கும் தெரிந்தது. மற்றதற்கு, எல்லோரும் எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்று பார்த்து நானும் தலையைத் திருப்பி, "அடடா" என்றேன். புழுதி அடித்ததால் பைனாகுலருக்கு மூடி போட்டேன்.

திரும்பும் வழியில் மான் ஒன்று அலறியது. வண்டி நின்றது. கைட் எழுந்து நின்று தேடினார். எனக்கு மரமும் பாதையும் வானமும் ஒரே கரித்துணி. இளவேனில் என் தொடையைக் கிள்ளினாள். "அப்பா. அதோ. மூங்கிலுக்குக் கீழ. படுத்திருக்கு."

கைட் அவள் விரல் போன திசையில் குனிந்து பார்த்தார். "ஹௌது! ஹுலி, ஹுலி" என்று கன்னடத்தில் கிசுகிசுத்தார். புலியேதான். ஜீப் முழுக்க மூச்சடைத்தது.

நான் பைனாகுலரைத் தூக்கினேன். ஒரே கறுப்பு. எதிர்பார்த்ததுதான். "ஆமா பாப்பா, தெரியுது. என்ன கம்பீரம் பாரு. நம்மளத்தான் பாக்குது" என்றேன்.

வளையல் சத்தம். உஷாவின் கை என் முகத்துக்கு முன்னால் வந்தது. பைனாகுலரின் முன்பக்க மூடி ஒன்றைக் கழற்றினாள். பிறகு இன்னொன்றை.

மூடியின் இருட்டுக்கும் என் இருட்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. கழற்றிய பிறகும் புலி தெரியவில்லை.

வெட்கத்தில் செத்துப்போயிருக்க வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் மனதில் ஓடியது வேறு — அவளுக்குத் தெரிஞ்சுது. கைடுக்கு முன்னாலயே தெரிஞ்சுது. அந்த இருட்டுல பாப்பாவுக்குத் தெரிஞ்சுது.

இன்று காலைச் சஃபாரிக்கு இளவேனிலை மைசூர்க் குடும்பத்தோடு ஜீப்பில் அனுப்பிவிட்டு, உஷா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்தாள்.

"எவ்ளோ நாளா?"

"டிசம்பர்ல தெரிஞ்சுது."

"டார்ச்செல்லாம் இதுக்குத்தானா? படிக்கட்டு டேப்பும்?"

தலையாட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே சட்டையைத் திரும்பத் திரும்ப மடித்தாள். பிறகு நான் இத்தனை நாள் பயந்த கேள்வி வந்தது. "நான் உங்க மாமா பொண்ணு. அப்ப பாப்பாவுக்கு?"

"கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

"எப்ப சொன்னாங்க?"

"அப்பவே."

அவள் என்னை அடித்திருக்கலாம். "உங்க கண்ணுக்கு நான் ஆயுசு முழுக்க அழுவேன் மாமா. ஆனா இத்தனை மாசம் அவளைக் கூட்டிட்டுப் போகாம இருந்தீங்க பாருங்க, அதை என்னால மன்னிக்க முடியாது" என்றாள்.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடியில் உப்பு அதிகம். யாரும் சொல்லவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

இளவேனிலிடம் உஷாதான் சொன்னாள். குழந்தை என்னைப் பார்த்தாள். "அப்ப அன்னைக்கு மொட்டை மாடியில என்னை டெஸ்ட் பண்ணீங்களா?"

"ஆமா."

"பக்கெட் எனக்கு நல்லாவே தெரிஞ்சுதுப்பா. நானேதான் உதைச்சேன். கால்ல அடிபட்டா விட்ருவீங்கன்னு." சொல்லிவிட்டுக் கத்தினாள்: "என்கிட்ட கேட்டிருக்கலாம்ல! கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல!"

கேட்டிருக்கலாம். ஒரு மாதத்துக்கு மேலாக அந்தப் பக்கெட் சத்தத்தோடு படுத்து எழுந்திருக்கிறேன்.

ஏப்ரல் 24, வியாழன்

இருட்டறையில் உட்காரவைத்துக் கண்ணில் கம்பி ஒட்டி எல்லாச் சோதனையும் செய்தார்கள். "இப்போதைக்குப் பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல. வருஷா வருஷம் வந்து காட்டுங்க" என்றார் டாக்டர் கேத்தரின். உஷா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

எனக்கு டிசம்பரைவிடப் பார்வை குறைந்திருக்கிறது. கார் சாவியை உஷா கேட்கவில்லை. நானே கொடுத்துவிட்டேன். அவள் இன்னமும் தேவைக்குத்தான் பேசுகிறாள். அது நியாயம்தான்.

மே 3, சனி

பார்சல் வந்தது. உஷா பெயருக்கு. கேட்டில் அவள் கையெழுத்துப் போட்டு வாங்கியதைச் சீனிவாசராகவன் சார் பார்த்துவிட்டார். "உங்களுக்கும் தொத்திக்கிச்சா உஷா? இப்ப என்ன வந்திருக்கு?"

நான் பால்கனியில் நின்றிருந்தேன். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"காட்டுக்கு சார்" என்றாள். சொல்லிவிட்டு மேலே வந்து, பெட்டியை என் மடியில் வைத்தாள்.

வெள்ளைக் கோல். நான்காக மடிந்திருந்தது. உள்ளே ரப்பர் கயிறு ஓடுகிறது. உதறினால் டக் டக்கென்று தானே நேராகிவிடுகிறது. நான் அதை ரொம்ப நேரம் தொடவில்லை. மடியில் பாம்பைக் கிடத்தியது போல உட்கார்ந்திருந்தேன். இளவேனில் வந்து எடுத்து, மிச்சமிருந்த ஒளிரும் டேப்பை அதன் நுனியில் சுற்றி ஒட்டினாள். "எதிர்ல வர்றவங்களுக்குத் தெரியணும்ல."

பொழுது சாய்ந்ததும் பால் வாங்க இறங்கினேன். உஷா கூட வரவில்லை. நான் திரும்பி வரும்வரை கதவைத் திறந்து வைத்திருந்தாள்.