வலப்பக்கம் இழுக்கும் வண்டி

மார்ச் 4, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

மூவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரமாட்டேன் என்கிறது.

இனி எங்கள் கண்ணில் படவேண்டாம் என்று நீ கொடுத்துவிட்டாயே, உன் வாண்டு உட்கார்ந்து காலால் உந்தும் சிவப்புக் கார், அதைப் போன வாரம்தான் பரணிலிருந்து இறக்கினோம். பாப்பா அதைவிட்டு எழுந்திருப்பதே இல்லை. சோறுகூட அதில்தான். "பீப் பீப், தள்ளும்மா!" என்று என்னையே விரட்டுகிறாள்.

முதல் நாள் இரண்டு காலாலும் உந்தினாள். இப்போது வலது காலால் மட்டும். இடது காலை மடக்கிக்கொள்கிறாள். உன் பிள்ளை உந்துவானே, அப்படியே. அவள் அவனைப் பார்த்ததே இல்லை, அக்கா. அவன் போனபோது இவள் என் வயிற்றில்.

அவனுக்கும் முதலில் அந்த இடது கால்தானே சோர்ந்தது? இவரிடம் சொன்னால், "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். போய்த் தூங்கு" என்கிறார். அவள் தூங்கியதும் உள்ளங்காலைக் கிள்ளிப் பார்க்கிறேன். சிணுங்கினால்தான் எனக்கு மூச்சு வருகிறது.

உன்னிடம் போய்க் கேட்கிறேனே என்று திட்டாதே. வேறு யாரைக் கேட்பேன்? உனக்கு முதலில் எப்படித் தெரிந்தது?

உன் தங்கை

மார்ச் 9

அடி பைத்தியமே,

உன் கடிதத்தைப் படித்துக்கொண்டே நின்றதில் பால் பாத்திரம் கருகிவிட்டது. அது உன் கணக்கு.

பாப்பாவை இறக்கி வெறுந்தரையில் ஓடவிடு. இரண்டு காலும் ஒன்றுபோல் விழும், பார். கோளாறு அவளிடம் இல்லை, வண்டியில்.

வாண்டு ஒற்றைக் காலால் உந்த உந்த, வண்டி இடப்பக்கமே திரும்பும். "அப்பா, சுவரு என்னை இடிக்குது!" என்று அழுவான். உன் அத்தான் ஸ்டீயரிங் கம்பியைச் சூடாக்கி வலப்பக்கம் வளைத்துவிட்டார். அப்புறம் அவன் ஒரு காலால் உந்தினாலே நேராகப் போகும். இரண்டு காலால் உந்தினால் வலப்பக்கம் இழுக்கும். உன் மகள் சமர்த்து, கண்டுபிடித்துவிட்டாள்.

கொடுக்கும்போது சொல்லியிருக்கவேண்டும். தோன்றவே இல்லையடி. எங்களுக்கு அது வளைந்த கம்பியாகவே தெரியவில்லை.

நல்ல கால் உள்ள பிள்ளைக்கு அது ஆகாது. நிமிர்த்தச் சொல். நிமிர்த்தியதை மட்டும் எனக்கு எழுதாதே.

அக்கா

மார்ச் 15, இரவு

அன்பு அக்கா,

ஓடவிட்டுப் பார்த்தேன். மனம் கேட்காமல் டாக்டரிடமும் காட்டினேன். "குழந்தைக்கு ஒண்ணுமில்ல. அம்மாதான் கொஞ்சம் தூங்கணும்" என்றார். கன்றுக்குட்டி மாதிரி துள்ளுகிறாள்.

இவர் இடுக்கியோடு வண்டியின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, "அவளுக்கு வேற வாங்கிக்கலாம்" என்று எழுந்து போய்விட்டார். மறுநாளே நீல நிறத்தில் ஒன்று வந்தது. பழைய கம்பி வளைந்தபடியேதான் இருக்கிறது; நீ எழுதாதே என்றதை எழுத எனக்கு ஒன்றுமில்லை.

எல்லோரும் தூங்கியபின் விளக்கை அணைக்கப் போகும்போது, சிவப்பு வண்டியின் வலப்பக்கம் கை வைத்து மெல்லத் தள்ளுகிறேன். கூடத்தின் கோடிவரை உருண்டுபோய் நிற்கிறது, யாரோ பார்த்து ஓட்டுவதுபோல. முதல் நாள் விளக்கைக்கூட அணைக்காமல் ஓடிப்போய்ப் படுத்துக்கொண்டேன். இப்போது தள்ளாமல் படுத்தால் தூக்கம் வருவதில்லை.

நீ எப்போது வருகிறாய்? வந்தால் நீயும் தள்ளிப் பார். வலப்பக்கம் மட்டும். நேராகப் போகும்.

உன் தங்கை