கவுண்டரில் பேசிய தமிழ்

ஆகஸ்ட் 8, வெள்ளி

பிரான்சில் இருக்கும் லூர்து மாதாவிடம் போவதற்கு இன்று லண்டன் இல்ஃபோர்டில் வாடகைக் கார் பதியப் போனோம். மனைவி ஜெசிந்தாவின் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தால் அவளைக் கூட்டிக்கொண்டு வருவேன் என்று நேர்த்தி வைத்தது நான்தான். காரை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகத் தனிக் கட்டணம் உண்டு. அதை மிச்சம் பிடிக்க நினைத்ததும் நான்தான்.

கவுண்டரில் இருந்த பெண்ணின் சட்டையில் ஸ்டெபனி என்று பெயர் குத்தியிருந்தது. தலைமயிரில் பாதி செம்பட்டை. எங்கே போகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஸ்கொட்லாந்து என்றேன். ஜெசிந்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“பிரான்ஸ் எண்டு வாய் திறந்திடாதை. நாங்கள் கதைக்கிறது இவளுக்கு என்ன விளங்கப்போகுது?” என்றேன், சிரித்த முகத்தோடு.

அந்தப் பெண்ணின் கை விசைப்பலகையில் நின்றது.

“அண்ணை, பிரான்சுக்கெண்டால் சொல்லுங்கோ. பேப்பர் இல்லாமல் கொண்டுபோனால் இன்சூரன்ஸ் இல்லை. அக்காவும் காருக்குள்ள இருப்பா எல்லோ.”

என் பெயர் அந்தோனி. மனைவி ஜெசிந்தா. இருந்தும் ஸ்டெபனி என்றொரு யாழ்ப்பாணப் பிள்ளை இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கட்டணத்தைக் கட்டினேன். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பேப்பரை நீட்டும்போது, ஜெசிந்தாவின் கழுத்துச் சிலுவையைப் பார்த்து, “லூர்துக்கோ அக்கா?” என்று மெல்லக் கேட்டாள். ஜெசிந்தா ஓம் என்றாள். “அப்ப எங்கட அம்மாவுக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்திவிடுங்கோ.” என்னிடம் அதைச் சொல்லவில்லை.

செவன் கிங்ஸில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தோம். வாசல் கதவைத் திறக்கும்போது ஜெசிந்தா கேட்டாள்.

“மாதாவுக்கும் தமிழ் விளங்காது எண்டோ நினைச்சனீங்கள்?”

இப்போது பக்கத்தில் படுத்திருக்கிறாள். இருவருக்கும் நித்திரை வரவில்லை.