திலக்ஷனுக்கு, வலது பக்கக் காபரேட்டர் பற்றி

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
15.06.2025

அன்பின் திலக்ஷனுக்கு,

நீ சுகமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன். இங்கே நானும் மனைவி ஷிஹாராவும் நலம். என் கையெழுத்தைக் கண்டு பயந்திருப்பாய். யாருக்கும் ஒன்றும் இல்லை. உன் அம்மாவைப் போன கிழமை ஜிந்துப்பிட்டியில் பார்த்தேன். முழங்கால் வலி இருக்கிறது, மற்றபடி சுகம். நான் வாட்ஸ்அப்பில் எதை அனுப்பினாலும் நீ பெருவிரல் படம் ஒன்றைத்தானே திருப்பி அனுப்புகிறாய். பெருவிரலோடு எவ்வளவு காலம் கதைக்கிறது? அதனால்தான் தாள் எடுத்தேன். உன் கனடா விலாசத்தை அம்மாதான் தந்தார்.

எனக்கு இன்னும் ஒருகொடவத்தை கன்டெய்னர் யார்டில்தான் வேலை. முன்பு யார்டுக்குள் ஓடித் திரிந்தவனை இப்போது கந்தோரில் கதிரை போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். இடது கால் கொஞ்சம் கட்டைதான், ஆனால் பஸ் ஏறி இறங்கக் கஷ்டமில்லை. உன் தங்கச்சி அனுஷியாவின் கல்யாண வேலைகள் மும்முரம். செப்டெம்பர் நான்காம் திகதி என்று உனக்குத் தெரியும். லீவு கிடைக்காது, வர முடியாது என்று நீ சொல்லிவிட்டதாகவும் அறிந்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் டிரையம்ப் பைக்கைப் பற்றியது.

இரண்டு பேருமாக ஆமர் வீதியில் பழைய இரும்போடு இரும்பாகக் கிடந்ததை வாங்கி நான்கு வருஷம் பாடுபட்டு எழுப்பிய வண்டி, விபத்துக்குப் பிறகு ஏழு வருஷமாக என் வீட்டுப் பின்னறையில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. ஷிஹாராவுக்குத் தையல் மெஷின் போட அந்த அறை தேவைப்பட்டது. வெள்ளவத்தையில் பழைய பைக் சேர்க்கும் ஒருவர் வந்து பார்த்தார். எஞ்சின் ஓடிக் காட்டினால் எடுக்கிறேன் என்றார். ஓட வைத்துவிட்டு, வண்டியின் பதிவுப் புத்தகம் உன் பெயரில் இருப்பதால் உன் கையெழுத்தைக் கேட்கலாம் என்று நினைத்துத்தான் ஏப்ரலில் ஒரு ஞாயிறு இரண்டு காபரேட்டர்களையும் கழற்றினேன்.

வலது பக்கக் காபரேட்டர் எஞ்சினோடு ஒட்டும் முகத்தில் இரும்பு அடிமட்டத்தின் நேரான விளிம்பை வைத்து ஜன்னல் பக்கம் பிடித்தேன். நடுவில் வெளிச்சம் தெரிந்தது மச்சான். தகடு வில் மாதிரி வளைந்திருந்தது. நட்டை அளவுக்கு மீறி இறுக்கினால்தான் அப்படி வளையும். இறுக்கியவன் நான்.

விபத்து நடந்த அந்த வெள்ளிக்கிழமை காலை நீ வருவதற்கு முன் நான் வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்திருந்தேன். ஐட்லிங் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. சூடேறியதும் இரண்டு தடவை தானாகவே நின்றது. வலது பக்கம் எங்கோ காற்று இழுக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. இடைவெளியை அடைக்க பிஸ்கட் பெட்டி அட்டையில் ஒரு பெக்கிங் வெட்டி வைத்து, நட்டை இன்னும் இறுக்கி, ஐட்லிங்கைக் கூட்டும் ஸ்டொப் ஸ்க்ரூவைத் தூக்கி, சத்தத்தைச் சரிபோலக் காட்டினேன். ஜும்ஆ முடிந்து நான் திரும்பும்போது நீ வாசலில் நின்று, எப்படி, போகலாமா என்று கேட்டாய். நான், ஓம், எல்லாம் சரி, ஏறு என்றேன். காபரேட்டர் வேலை என் பொறுப்பு என்று இரண்டு மாதமாக ஊரெல்லாம் பெருமையடித்திருந்தேனே, இன்னும் சரிவரவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்திருந்தால் சொல்லவாவது லேசாக இருந்திருக்கும்.

ஒருகொடவத்தைச் சந்தியில், நீ ஓட்ட நான் பின்னால் இருக்க, பச்சை விழுந்ததும் எஞ்சின் செத்தது. பின்னால் கன்டெய்னர் லொறி. மிச்சம் உனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் நீ என் கட்டில் பக்கத்திலேயே இருந்தாய். அவசரப்பட்டு கிளச்சை விட்டுவிட்டேன் மச்சான், உன் காலை நான்தான் உடைத்தேன் என்று அழுதாய். நான் கண்ணை மூடித் தூங்குவது போலக் கிடந்தேன். உனக்கு ஓட்டத் தெரியாது என்று எல்லாரும் சொன்னார்கள். உன் அம்மாவும் ஏசினார். நீ கனடாவுக்குப் போனாய். கிளச்சாகவும் இருக்கலாம்தானே என்று எனக்கு நானே சொல்லி ஏழு வருஷத்தைக் கடத்திவிட்டேன். அடிமட்டத்துக்குக் கீழே அந்த வெளிச்சத்தைக் கண்ட பிறகு அப்படிச் சொல்ல முடியவில்லை.

முதலில் ஷிஹாராவிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, ஏழு வருஷமாக அந்த மனுஷன் தன்னையே ஏசிக்கொண்டு இருந்திருக்கிறார், நீங்கள் பார்த்துக்கொண்டா இருந்தீர்கள் என்று கேட்டாள். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், பைக்கை விற்கக்கூடாது, அதைச் சரியாக்குங்கள், தையல் மெஷின் முன் ஹோலில் நிற்கட்டும் என்றாள்.

என்னால் குந்தியிருக்க முடியாது என்பதால் ஸ்க்ரூ திருப்பும் வேலை அவளுடையது. கண்ணாடித் துண்டில் எமரித் தாளை விரித்து அந்த வளைந்த முகத்தை இரண்டு ஞாயிறு தேய்த்து மட்டமாக்கினேன். பஞ்சிகாவத்தையில் சரியான பெக்கிங் கிடைத்தது. பெற்றோல் வரும் பைலட் ஜெட் அடைத்துக்கிடந்தது, அதை மெல்லிய கம்பியால் குத்தி எடுத்தோம். பிறகு ஒரு பக்கத்துப் பிளக் வயரைக் கழற்றிவிட்டு மற்றப் பக்கத்தை மட்டும் ஓடவிட்டு, அவள் காற்று ஸ்க்ரூவைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்ப, நான் காது கொடுத்து நின்றேன். போதும் என்று நான் சொல்ல முதலே அவள் நிறுத்துவாள். அவளுடைய காது என்னுடையதைவிட நல்லது. இரண்டு பக்கமும் தனித்தனியே சரிவந்ததும் சேர்த்து ஓடவிட்டு, இரண்டு ஸ்டொப் ஸ்க்ரூவையும் ஒரே அளவில் இறக்கினோம். இரண்டு சைலன்சருக்குப் பின்னாலும் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தால் ஒரே மாதிரி அடிக்கிறது. நாற்பது நிமிஷம் நின்ற இடத்தில் ஓடியது. சூடேறியும் நிற்கவில்லை. ஷிஹாரா முகமெல்லாம் கரியோடு சிரித்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அடுத்த நாள் ஜிந்துப்பிட்டிக்குப் போனேன். உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எம் புள்ளைய நானே ஏசி அனுப்பிட்டேனே தம்பி என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் எழும்பிப் போகலாமா இருக்கலாமா என்று தெரியாமல் நின்றேன். அனுஷியா என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. அது நியாயம். பிறகு அம்மா முகம் கழுவிக்கொண்டு வந்து உன் விலாசம் எழுதிய துண்டை நீட்டி, நான் சொன்னா அவன் நம்பமாட்டான், ஒன் கையாலயே எழுதிப் போடு என்றார். வாசல் வரை வந்து, கல்யாணத்துக்கு ஷிஹாராவையும் கூட்டிக்கொண்டு வா என்றும் சொன்னார். அந்தப் பேச்சு எனக்கு எவ்வளவு பெரியது என்று எழுதத் தெரியவில்லை.

மச்சான், உன் கிளச்சில் பிழை இல்லை. உன் கையில் பிழை இல்லை. எந்த நல்ல ஓட்டுநர் அந்த இடத்தில் இருந்திருந்தாலும் அந்த எஞ்சின் நின்றிருக்கும். நீ அங்கே கார் ஓட்டுவதில்லை, பஸ்ஸிலும் ரயிலிலும்தான் திரிகிறாய் என்று அனுஷியா ஒருமுறை சொன்னாள். அந்தப் பயத்தை உனக்குள் போட்டவன் நான். அதை நீ இனிச் சுமக்க வேண்டாம்.

இந்தக் காலால் என்னால் இனி அந்த வண்டியை ஓட்ட முடியாது. ஞாயிறுகளில் ஸ்டாண்டில் வைத்து ஸ்டார்ட் பண்ணிவிட்டு நிறுத்துகிறேன். வெள்ளவத்தைக்காரரிடம் விற்பனை இல்லை என்று சொல்லிவிட்டேன்.

செப்டெம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறது. லீவு விஷயத்தை இன்னொரு தடவை கேட்டுப்பார். நீ வந்தால் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு நான் வரட்டுமா, வரக்கூடாதா என்பதை நீயே தீர்மானி. முகத்தைப் பார்க்க விருப்பமில்லை என்றால் கல்யாண வீட்டில் பின் வரிசையில் இருந்துவிட்டுப் போகிறேன். உன் தங்கச்சியின் கல்யாணத்தில் அண்ணன் நிற்கவேண்டும், அதுதான் முக்கியம். இறைவன் உன் நெஞ்சைக் குளிர வைக்கட்டும். உன் கைகளுக்கு எந்த ஆபத்தும் வராமல் காக்கட்டும்.

ஒன்றே ஒன்றைக் கேட்கிறேன். பதில் எழுது. ஏசி எழுது, உனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தையெல்லாம் போட்டு நாலு பக்கம் எழுது. பரவாயில்லை மச்சான் என்று மட்டும் எழுதிவிடாதே.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஸாலிஹ்