ஆச்சே, இன்னும் ரெண்டு அங்குலம்

கூட்டாளி,

நேற்றுப் போட்டிருந்த சட்டையை இன்று காலை துவைக்க எடுத்தபோது பையில் ஏதோ கனத்தது. உன் தூக்குக்குண்டு. நூலெல்லாம் சாக்பீஸ் தூள், பித்தளையில் கிரீஸ் வாசனை. சந்தோஷத்தில் அதைப் பையில் போட்டுக்கொண்டு அப்படியே வீட்டுக்கு வந்திருக்கிறேன். உன் சாமான் பெட்டியை உன் வீட்டில் என்னிடம் கொடுத்து ஒன்றரை வருடம் ஆகிறது. போன வாரம்தான் பூட்டைத் திறந்தேன். எதற்குத் திறந்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். சிரித்துக்கொள். இந்த முறை ஜெயித்தது நான்.

என் மகளை உனக்குத் தெரியும். பத்தாம் வகுப்புக் கணக்கில் தடுக்கி விழுந்து அங்கேயே படுத்துக்கொண்ட எனக்கு ஒரு பல் டாக்டர் பிறந்து தொலைத்திருக்கிறாள். ஓசூரில் கிளினிக் வைப்பாள் என்று பார்த்தால், நடமாடும் பல் ஆஸ்பத்திரி என்று கிளம்பிவிட்டாள். நாற்காலி, விளக்கு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்த டிரெய்லர் ஒன்று, அதை இழுக்க ஒரு பிக்கப். இரண்டையும் சேர்க்க பிக்கப்பின் பின்தொட்டியில் ஃபிஃப்த் வீல் வைக்க வேண்டும். பேர்தான் அஞ்சாவது சக்கரம், அது எங்கேயும் ஓடாது. லாடம் போல வாய் பிளந்த இரும்புத் தட்டு. டிரெய்லரின் மூக்குக்கு அடியில் இருக்கும் முளை அந்த வாய்க்குள் வந்து பூட்டிக்கொள்ளும். முன்பாரம் முழுக்க அந்தத் தட்டின் மேல்தான். தட்டு பின் அச்சுக்கு நேர் மேலே இருக்கலாம், ரெண்டு அங்குலம் முன்னால் இருக்கலாம். பின்னால் போனால் வண்டி முன்சக்கரத்தைத் தூக்கும், ஸ்டீரிங் பேச்சைக் கேட்காது. நாம் ராகிக் கொல்லையில் இறங்கிப் படித்த பாடம்.

நாளைக்குக் கல்லாவியில் அவளுக்கு முதல் முகாம். வண்டியை அவளேதான் ஓட்டப் போகிறாள். போன மாதம் மெதுவாக ஆரம்பித்தாள்: "பெங்களூர்லயே மாட்டிக்கறம்பா. உனக்கு எதுக்கு சிரமம்?" சிரமம் என்று அவள் சொன்னதற்கு அர்த்தம் பயம். ராகிக் கொல்லைக் கதையைச் சின்ன வயதிலிருந்து நான்தான் அவளுக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்தேன். அதுவே எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்து நின்றது.

அன்றைக்கு நடந்தது உனக்கும் எனக்கும் மறக்காது. பர்கூர் கல் குவாரிக்காரர் ஒருவரின் பழைய பிக்கப், ஜெனரேட்டர் வைத்த டிரெய்லர். நான் தொட்டிக்குள் டிரில்லிங் மெஷினோடு குந்தியிருந்தேன். நீ வண்டிக்குப் பின்னால் நின்று தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பக்கத்து ஷெட்டில் கிரைண்டர் அலறிக்கொண்டிருந்தது. நீ "ஆச்சே, ஆச்சே" என்று கத்தினாய். நான் 'முடிந்தது' என்று எடுத்துக்கொண்டேன். அத்திப்பள்ளிக் கன்னடக்காரனான உனக்கு அது 'இன்னும் அந்தப் பக்கம் தள்ளு' என்று எனக்குத் தோன்றவே இல்லை. பதினைந்து வருடம் உன்னோடு ஒரே டம்ளரில் டீ குடித்தவன், உன் கன்னடத்தில் ஒரு வார்த்தையைத் தமிழில் கேட்டு நாலு ஓட்டை போட்டுவிட்டேன்.

சூளகிரி ஏற்றத்தில் வண்டி மூக்கைத் தூக்கியது. நீ ஸ்டீரிங்கை ஒடித்தாய். அது சும்மா சுற்றியது, வண்டி நேராகக் கொல்லைக்குள் போய் நின்றது. ரெண்டு பேருக்கும் ஒரு கீறல் இல்லை. தலையில் ராகிக் கதிரோடு நீ கேட்டது, "குரு, கையி நல்லா வேலை செய்து, காது எங்க வுட்ட?" குவாரிக்காரர் வந்து யார் போட்ட ஓட்டை என்று குதித்தபோது என்னை முந்திக்கொண்டாய். "நானும் இல்ல, இவனும் இல்ல சார். பாஷை போட்ட ஓட்டை." அந்த மனுஷனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அதற்கப்புறம் நாம் வாயைத் திறக்கவில்லை. ஸ்பேனரால் ரெண்டு தட்டு என்றால் நகர்த்து, ஒரு தட்டு என்றால் நிறுத்து, மூணு தட்டு என்றால் முடிந்தது. கொல்லைக் கதையோடு இந்தக் கணக்கும் என் மகளுக்கு மனப்பாடம். நீ போன பிறகு தட்ட ஆள் இல்லை. நானும் ஒரு தட்டைக்கூட மாட்டவில்லை.

மகளிடம் ஒரே ஒரு வாய்ப்புக் கேட்டேன். கோணினால் பெங்களூருக்கே போகட்டும் என்றேன். போன ஞாயிறு காலை ஷெட்டுக்கு வண்டியைக் கொண்டுவந்தாள். தொட்டியின் விளிம்பிலிருந்து உன் குண்டைத் தொங்கவிட்டு, அதன் முனை பின்சக்கரத்தின் நடுவுக்கு நேராக நிற்கும் இடத்தில் கோடு போட்டேன். மறுபக்கமும் அதே. ரெண்டையும் நூலால் சேர்த்து, அதற்கு ரெண்டு அங்குலம் முன்னால் தட்டை வைத்துப் பார்த்தோம். அழகாக உட்கார்ந்தது. ஓட்டை போடாமல் கிளாம்ப் மட்டும் போட்டு இறுக்கி, டிரெய்லரைக் கோர்த்து மெதுவாகத் திருப்பினோம். அதன் முன்மூலை கேபின் கண்ணாடியைப் போய் உரசியது.

"அஞ்சு அங்குலம் பின்னாடி தள்ளிட்டா தீந்துது," என்றாள். தள்ளினால் கண்ணாடி தப்பிக்கும், தட்டு அச்சுக்குப் பின்னால் போய்விடும். பழைய ஓட்டையையே புதிதாகப் போடச் சொல்கிறாள். படித்த பிள்ளை, சாந்தமாகச் சொல்கிறாள், என் கையும் அரை அங்குலம் நகர்ந்துவிட்டது. பொய் சொல்ல மாட்டேன்.

அப்புறம் மெஷினைக் கீழே வைத்தேன். "ஒரு நூல்கூடப் பின்னாடி போவ மாட்டன். ஓட்டப் போறது நீ."

"அப்ப கண்ணாடி?"

"பல்லு தூக்கலா இருந்து கடிக்கும்போது இடிச்சா நீ என்ன பண்ணுவ?"

என்னைப் பார்த்தாள். அந்த மூலையைப் பார்த்தாள். "ராவுவன்."

"அப்ப ராவு."

அந்த மூலையில்தான் அவளுடைய மருந்து அலமாரி. ஆசையாகச் செய்து வைத்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டே அவளே அதைக் கழற்றி வெளியே வைத்தாள். ரெண்டு மூலையையும் சாய்வாக வெட்டித் தகடு வைத்து அடைக்க எனக்கு மூன்று நாள் பிடித்தது. பாதி வெட்டில் அவளே கிரைண்டரை வாங்கி ராவினாள். பிசிறு இல்லை கூட்டாளி. பல் டாக்டர் கை.

ஓட்டை போடுகிற நாளில் அவள் வண்டிக்கு அடியில், நான் மேலே. பக்கத்து ஷெட் கிரைண்டர் இன்னும் சாகவில்லை, அப்படியே அலறியது. அவள் கீழிருந்து என்னவோ கத்தினாள். நான் மெஷினைத் தொடவில்லை. காத்திருந்தேன். ரெண்டு தட்டு. நகர்த்தினேன். மறுபடி ரெண்டு. அப்புறம் ஒன்று. அப்புறம், நிதானமாக, மூன்று. கண் கலங்கியது உண்மை. இரும்புத் தூள் விழுந்துவிட்டது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன், நீ காட்டிக்கொடுத்துவிடாதே.

நேற்று உன் குண்டை வைத்துக் கடைசியாக ஒரு தரம் சரிபார்த்து, தண்ணீர்த் தொட்டியை நிரப்பி முழுப் பாரத்தோடு அதே சூளகிரி ஏற்றம். அவள் ஸ்டீரிங்கில், நான் பக்கத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எல்லாச் சாமியையும் ரெண்டு மூன்று பாஷையில் கூப்பிட்டுக்கொண்டு. அதே வளைவு. முன்சக்கரம் ரோட்டை விடவே இல்லை. ஏற்றம் முடிந்து கிராமத்து ரோட்டில் முழுசாக ஒடித்தாள். மூலைக்கும் கண்ணாடிக்கும் நாலு விரல்கடை, இறங்கி விரல் வைத்தே பார்த்தேன்.

"அப்பா, ஸ்டீரிங் கல்லு மாதிரி நிக்குதுப்பா," என்றாள்.

"இன்னும் பெங்களூர் போவணுமா?"

"பெங்களூர்க்காரன இங்க வரச் சொல்லு."

திரும்பி வரும்போது ராகிக் கொல்லை ஓரம் நிறுத்தச் சொன்னேன். பின்னால் ஏறி, தட்டின் மேல் ஸ்பேனரால் மூன்று தரம் தட்டினேன். யாருக்குத் தட்டுகிறாய் என்று கேட்டாள். கேட்க வேண்டியவனுக்குக் கேட்டிருக்கும் என்றேன்.

நீ போன அன்று உன் வாசலில் ஒருவர் என் தோளைப் பிடித்து "ஆச்சே" என்றார். தமிழில் கேட்டு அழுதேன். இப்போது அதைக் கன்னடத்தில் கேட்கப் பழகியிருக்கிறேன். கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி நிற்கிறாய், அவ்வளவுதான்.

குண்டைத் துடைத்து நாளைய சட்டைப் பையில் போட்டுவிட்டேன். காலையில் கிளம்பும்போது மகள் "ஆச்சாப்பா?" என்று கேட்பாள். "ஆச்சே" என்பேன். எந்தப் பாஷையில் என்று உனக்குத் தெரியும்.