முணுமுணுத்து வாசிப்பவளுக்கு ஒரு தனி இடம்

அனுப்புநர்:
பட்டன் தைக்கும் பெண்,
சட்டை தைக்கும் கூடம்.
(தேர்வு எண் பின்புறம் உள்ளது)

பெறுநர்:
நுழைவுத் தேர்வு அலுவலர்,
செவிலியர் உதவியாளர் பயிற்சி நிலையம்.

பொருள்: பத்தியைப் படித்து விடையளிக்கும் பகுதியை மட்டும் மீண்டும் எழுத அனுமதி வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அம்மா,

அப்பா படுக்கையில் விழுந்ததால் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். தங்கள் நுழைவுத் தேர்வில் தேறவில்லை. கூடத்தில் உடன் வேலை செய்பவர்கள் இதைப் புகார் மனுவாக எழுதச் சொன்னார்கள். யார் மேல் புகார் என்று எனக்கே தெரியவில்லை.

தேர்வுக்கு என்னைத் தயார் செய்தவர் பக்கத்து மிஷின் அக்கா. "மொதல்ல கேள்வியப் படிடி. என்ன தேடுறோம்னு தெரியாம பத்திக்குள்ள போனா, சந்தையில தொலைஞ்ச புள்ள மாதிரி முழிப்ப" என்பார். சாப்பாட்டு இடைவேளையிலும் சில மிஷின்கள் ஓடும். அந்த இரைச்சலில் படித்துத்தான் பழக்கம். நான் வாய்விட்டுப் படிப்பது அக்காவுக்கும் கேட்டதில்லை, எனக்கும் கேட்டதில்லை.

தேர்வு அறையில் சிறு சத்தமும் இல்லை. கேள்விகளை முதலில் படித்துவிட்டுப் பத்திக்கு வந்தேன், பழக்கம்போல என்னை அறியாமல் முணுமுணுத்தபடி. முன்னால் இருந்த பெண் எழுந்து, "மிஸ், இவ யாருக்கோ விடை சொல்லிக் குடுக்குறா" என்றாள். கண்காணிப்பாளர் வந்து, "வாய மூடிக்கிட்டுப் படிம்மா. இன்னொரு தடவ சத்தம் வந்தா பேப்பர வாங்கிடுவேன்" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. மற்றவர்களுக்கும் அது தேர்வுதான்.

உதட்டைக் கடித்துக்கொண்டு படித்தேன். எழுத்துகள் தெரிந்தன, பொருள் பிடிபடவில்லை. வரியின் கடைசிக்கு வருவதற்குள் முதல் பாதி போய்விட்டது. அந்தப் பத்தி எதைப் பற்றியது என்று இன்றுவரை தெரியாது. "அந்தப் பெண் ஏன் திரும்பி வரவில்லை?" என்ற கேள்வி மட்டும் நினைவில் நிற்கிறது. பட்டன் தைக்கும்போதெல்லாம் யோசிக்கிறேன். கேள்வித்தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

எட்டாம் வகுப்போடு நின்றவர்களைச் சேர்ப்பது இந்த ஆண்டோடு முடிகிறது என அறிவிப்பில் உள்ளது. அதனால் அடுத்த முறை என்பது எனக்கு இல்லை. வேறு பத்தி கொடுத்தாலும் சரி. மாடிப்படிக்குக் கீழேயோ சாமான் அறையிலோ, என் சத்தம் யாருக்கும் இடைஞ்சலாகாத இடத்தில் எழுத அனுமதிக்க வேண்டுகிறேன். விதியில் இடமில்லை என்றால் அதையாவது ஒரு வரி எழுதித் தெரிவிக்க வேண்டுகிறேன்.

நேரில் கேட்கத் தங்கள் வாசல்வரை வந்தேன். காவலாளி அண்ணன், "என்ன வேணும் பாப்பா?" என்று அன்பாகத்தான் கேட்டார். எனக்குக் குரல் எழவில்லை. வழி தவறி வந்தவள்போலத் தலையாட்டிவிட்டுத் திரும்பினேன். தாங்கள் என்னை அழைத்தால் வருவேன். அப்போதும் நான் பேசாமல் நின்றால், கேட்க ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடாமல், இந்த மனுவை ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டுகிறேன்.

இடம்: சட்டை தைக்கும் கூடம்
நாள்: ஜூன் 14

பணிவுடன்,
(கையொப்பம்)