தளர்ந்திருக்க வேண்டிய கயிறு

மச்சான்,

வெள்ளிக்கிழமை அசர் தொழுதுவிட்டு உன் வீட்டுப் பக்கம் போனேன். உன் மகள் ஷிஃபா அந்த நீளப் பையை விறாந்தைக்கு இழுத்து வந்து அவிழ்த்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து பொத்துவில் மணல் கொட்டியது. என் தங்கச்சி காலையில்தான் துடைத்த தரை. நீ இருந்திருந்தால் உனக்கு ஒரு பிரசங்கமே நடந்திருக்கும். அவள் தும்புத்தடியை எடுத்து வந்தாள், ஆனால் கூட்டவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு மணலைப் பார்த்தபடி நின்றாள்.

"மாமா, நான் இதில பறக்கோணும். புதுசாப் பழக வாற ஆக்களுக்கு வாப்பா சொல்றதையெல்லாம் எனக்குச் சொல்லுங்க" என்றாள் ஷிஃபா. நீ சொன்னதையெல்லாம் பக்கத்தில் நின்று கேட்டவன் நான். கேட்டதோடு சரி, ஒரு தடவைகூடப் பறந்ததில்லை.

கட்டாரிலிருந்து மற்றவர்கள் போர்வையும் டீவியும் கொண்டுவந்தார்கள். நீ இதைக் கொண்டுவந்தாய். "உள்ளுக்க என்ன, சந்தூக்கா?" என்று அடுத்த வீட்டுக்காரர் கேட்டார். ஜனாஸாவை அடக்கத்துக்குத் தூக்கிப் போகும் பெட்டியின் நீளம்தான் அதுவும். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். ஹேங் கிளைடர் என்று நீ எத்தனை முறை சொல்லிக்கொடுத்தும் ஊர் அதைச் 'சிறகு' என்றே சொன்னது.

பழக வருகிறவர்களைப் பொத்துவில் மணல்மேட்டுக்குக் கூட்டிப்போவாய். தரைப் பக்கமிருந்து வரும் கச்சான் காற்று முதுகில் அடித்தால் பையை அவிழ்க்கவே விடமாட்டாய். கடற்காற்று முகத்தில் படும்வரை காத்திருக்கச் சொல்வாய். பிறகு தொடங்கும் உன் உபதேசம். "பாயாத, ஓடு. கால் நிலத்தத் தேடித் தேடிக் கிடைக்காமப் போகும் வரைக்கும் ஓடு." "நிலத்தப் பாத்தா நிலத்துக்குத்தான் போவாய்." "பயந்தவன் கையில புடிச்ச கம்பியத் தள்ளுவான், தள்ளினா வேகம் போயிரும். பயம் வந்தா உன் பக்கம் இழு." இந்தக் கடைசி விஷயம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. பயப்படும்போது எதையும் தூரத் தள்ளத்தானே தோன்றும்?

எனக்கு நீ கொடுத்த வேலை கயிறு. சிறகின் ஓரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பழகுகிறவரோடு சேர்ந்து சரிவில் ஓட வேண்டும். கயிறு தளர்ந்தே இருக்க வேண்டும். சிறகு சாயப் பார்த்தால் மட்டும் மெதுவாக ஒரு பிடி. கரைவலை இழுத்து வளர்ந்த ஆளுக்குப் போய் இந்த வேலையைக் கொடுத்தாயே! முதல் நாளே, நீ ஓடியபோது கயிற்றில் சின்ன உதறல் தெரிந்ததும், குதிகாலை மணலில் புதைத்து, பின்னால் சாய்ந்து, வலை இழுப்பதுபோல இழுத்துவிட்டேன். சிறகு ஒரு பக்கமாகக் குத்தி விழுந்தது. வாயிலிருந்த மணலைத் துப்பிக்கொண்டே கத்தினாய்: "டேய், இது கரைவலை இல்லடா! உள்ளுக்க இரிக்கிறது மீனில்ல, நான்!"

அப்படியும் நான் திருந்தவில்லை. ஒரு நாள் பகல் சாப்பாட்டுக்கு முன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீ எழும்பவேயில்லை. அன்று பின்னேரம் சந்தூக்கைத் தோள் மாற்றி மாற்றித் தூக்கினார்கள். நான் மட்டும் மாறவில்லை. "குடுங்க காக்கா, நாங்களும் புடிக்கத்தானே வேணும்" என்று யாரோ என் விரல்களைப் பிரித்தெடுத்தார்கள். அதன்பிறகு மையவாடி வரைக்கும் எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை.

இப்போது உன் மகளும் ஓட வேண்டும் என்று நின்றாள். பிடிவாதம் அப்படியே நீதான். தங்கச்சி மூன்று நாள் கதைக்காமல் இருந்துவிட்டு, கடைசியில் என்னிடம் வந்தாள். "போகட்டும். ஆனா கயித்த மட்டும் விட்டிராதீங்க காக்கா. எனக்கு அவள் ஒருத்திதான்." கயிறு தளர வேண்டும் என்று நீ. விடக்கூடாது என்று அவள். நான் யார் பேச்சைக் கேட்பது?

நேற்று கடற்காற்று வந்ததும் ஓடினாள். பக்கத்தில் நானும் ஓடினேன். உன் உபதேசங்களையெல்லாம் ஒன்றோடொன்று குழப்பிக் கத்தினேன் என்று நினைக்கிறேன். கயிறு உதறியது. என் குதிகால் பழைய புத்தியில் மணலுக்குள் போனது. அந்த நேரம் பார்த்து உன் சத்தம் காதுக்குள் கேட்டது, "மீனில்ல" என்று. நான் கையைத் திறந்தேனா, கயிறாகவே உருவிக்கொண்டு போனதா, இரவெல்லாம் யோசித்தும் தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தால் ஷிஃபாவின் கால்கள் என் தலைக்கு மேலே இன்னும் ஓடிக்கொண்டிருந்தன.

கொஞ்ச நேரம்தான். கீழே மணலில் வயிறு அடிபட விழுந்து, பர்தாவெல்லாம் மண்ணாக எழும்பி நின்றாள். "பாயல்ல மாமா, ஓடினன்!" என்று கத்தினாள். எனக்கு அழுகை வந்தது. சிரித்தும் வைத்தேன்.

வீட்டு வாசலில் தங்கச்சி நின்றாள். மகளைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"புடிச்சிக்கிட்டுத்தானே இருந்தீங்க காக்கா?"

கயிறு உருவிய இடம் உள்ளங்கையில் எரிந்துகொண்டிருந்தது. கையை மூடிக்கொண்டு, ஓம் என்றேன்.

அது பொய்யா, மச்சான்?