காலி வண்டிகளின் சாலை

பெஹாலா, கொல்கத்தா
5-12-2004

அன்பு மகள் வசுமதிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்பைப் பொறுத்தவரை சுகம், மற்றதைக் கீழே எழுதுகிறேன். நீ அங்கே காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். ராட்டர்டாமில் மழையா பனியா என்று அம்மா தினமும் டிவியில் தேடுகிறாள், அவர்கள் டெல்லி, மும்பையோடு முடித்துவிடுகிறார்கள், உடனே செய்தி வாசிக்கிற பெண்ணுக்குத் திட்டு விழுகிறது. அம்மாவின் முழங்கால் வலி கூடவும் இல்லை குறையவும் இல்லை. குளிர்காலம் வந்துவிட்டதென்று பக்கத்து வீட்டு போஸ் தாதாவின் சம்சாரம், நம் பௌதி, புது வெல்லத்தில் செய்த சந்தேஷ் கொடுத்தனுப்பினாள். எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று அம்மா அத்தனையையும் தானே சாப்பிட்டு என்னைக் காப்பாற்றிவிட்டாள்.

போன மாதம் போனில் நீ ஒவ்வொரு தடவையும், ஆபீஸ் எப்படிப்பா போகுது என்று கேட்டாய், நானும் போகுது போகுது என்றேன். போனில் கெட்ட செய்தி சொல்ல எனக்கு வராது, நிமிஷக் கணக்கு ஓடுகிறபோது வாய் தானாகச் சிரித்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். கிதர்பூர் ஆபீஸை இந்த மாதத்தோடு மூடுகிறேன் கண்ணு. ஆபீஸ் என்று நாம் சொல்லிக்கொண்டோம், ஒரு மேஜை, ஒரு பெஞ்சு, ஒரு போன். சேலத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் ஜவ்வரிசியும் மஞ்சளும் ஏற்றிக்கொண்டு வருகிற லாரிக்கு, திரும்பிப் போக இங்கிருந்து சணல் சாக்கோ இரும்போ டீத்தூளோ ஒரு ரிட்டர்ன் லோடு பிடித்துக் கொடுப்பதுதான் நீ பிறப்பதற்கு முன்னாலிருந்து நான் செய்த வேலை. லாரியும் என்னுடையதில்லை, சரக்கும் என்னுடையதில்லை, நடுவில் பேசுகிற வாய் மட்டும் சொந்தம். நீ படித்து முடித்து, எந்தச் சரக்கு வண்டி எந்தச் சாலையில் போகலாம் என்று திட்டம் போடுகிற ஆபீஸில் சேர்ந்தபோது, அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே தொழில் என்று கிதர்பூர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உங்களுக்குத் திட்டமில்லீங்கண்ணா, பாப்பாவுக்கு வண்டியில்லீங்க, ரெண்டும் ஒண்ணுதான் என்று நம் சங்ககிரி டிரைவர் கோபு சிரித்தான்.

சென்ற குளிர்காலத்தில் ஆபீஸ் வாசலில் சர்க்காருக்காகக் காலேஜ் பிள்ளைகள் தொப்பி போட்டுக்கொண்டு நின்று, வண்டி எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, என்ன ஏற்றியிருக்கிறது என்று கணக்கெடுத்ததை அப்போதே எழுதியிருந்தேன். நீயும் சந்தோஷப்பட்டு, அப்பா, அவங்களுக்கு ஒத்துழைப்பு குடுங்க, உங்க நல்லதுக்குத்தான் என்று பதில் போட்டாய். நான் ஒத்துழைத்தேன், அதுதான் வினை. நம் பக்கத்து டிரைவர்களுக்குப் பெங்காலி தெரியாது, அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது. அனன்யா என்று கண்ணாடி போட்ட ஒரு பெண், காக்கு, இவர் என்ன சொல்றார்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க என்று கூப்பிட்டாள். எனக்கும் ஒரு தொப்பி கொடுத்தார்கள், பிஸ்கட் பாக்கெட்டும் கொடுத்தார்கள். பத்தாவதில் கோட் அடித்தவனை மொழிபெயர்ப்பாளர் என்று ஒரு சர்க்கார் வேலையில் நிற்கவைத்தால் அவன் வேறென்ன செய்வான், தொப்பியை நேராக வைத்துக்கொண்டு நின்றேன்.

லாரித் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது, உன் படிப்பில் அது வந்ததோ இல்லையோ தெரியாது. சாலையில் கையில் காகிதத்தோடு எவன் நின்று கேட்டாலும், அவன் போலீஸோ, வரிக்காரனோ, பூஜைக்குச் சந்தா வசூலிக்கிற பையனோ, பதில் ஒன்றுதான். வண்டி காலி, பக்கத்திலிருந்து வருகிறேன், பக்கத்துக்குத்தான் போகிறேன். கோபு ஒரு வாரமாக ஓட்டிக்கொண்டு வந்து நிற்கிறான், தார்ப்பாய்க் கயிறு தெறித்துவிடும் போல ஜவ்வரிசி மூட்டை, ஸ்டியரிங்கில் சாய்ந்துகொண்டு, வெறும் வண்டிங்கண்ணா, ஹௌராவுல இருந்து வாரேன்னு சொல்லிருங்க என்கிறான். அடேய், அது காலேஜ் புள்ளைடா என்றேன். காலேஜ் புள்ளை சாயங்காலம் அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய் யாருகிட்டக் குடுக்கும், அதச் சொல்லுங்க மொதல்ல என்றான். அவன் சொன்னதை அப்படியே பெங்காலியில் சொன்னேன். அந்தப் பெண் தார்ப்பாயை அண்ணாந்து பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எழுதிக்கொண்டாள். டிரைவர் சொல்வதைத்தான் எழுத வேண்டும் என்று அவளுக்கு உத்தரவாம். பெங்காலி டிரைவரும் பிஹார் டிரைவரும் மட்டும் அரிச்சந்திரர்களா என்ன, அவர்களும் இதையேதான் சொன்னார்கள், அவர்களுக்கு நடுவில் ஓர் ஆள் வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

துர்கா பூஜை முடிந்த கையோடு போர்டு வைத்துவிட்டார்கள். நம் சாலையில் காலையிலிருந்து ராத்திரி பத்து மணி வரை சரக்கு லாரி வரக்கூடாது, லாரிகள் நிற்பதற்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹைவேயில் இடம். காரணம் கேட்டால், இந்தச் சாலையில் ஓடுவதில் முக்கால்வாசி உள்ளூரில் சுற்றுகிற காலி வண்டிகள், தடுத்தால் வியாபாரத்துக்கு நஷ்டம் ஒன்றுமில்லை என்று கணக்கெடுப்பில் தெரிந்ததாம். எங்கள் சங்கத்துச் செக்ரட்டரி கோஷ் பாபு தலைமையில் போக்குவரத்து ஆபீசரைப் பார்க்கப் போனோம். நல்ல மனிதர், குரலே உயர்த்தவில்லை, எல்லோருக்கும் டீ சொன்னார். கோஷ் பாபு மேஜையைத் தட்டி, தென்னிந்தியாவுக்குப் போகிற வர்த்தகமே இந்தச் சாலையில்தான் நடக்கிறது என்று முழங்கினார். ஆபீசர் பேனாவைத் திறந்துகொண்டு, அப்படியா, அன்றைக்கு வண்டிகளில் லோடு இருந்ததா, எத்தனை டன் என்று சொல்லுங்கள், திருத்திவிடலாம் என்றார். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் லாரிகளை எடைபோட்டு அபராதம் எழுதுகிற இலாகாக்காரர் உட்கார்ந்து டீ ஆற்றிக்கொண்டிருக்கிறார். உண்மையைச் சொன்னால் அனுமதித்த எடைக்கு ஒன்றரை மடங்கு ஏற்றினோம் என்று நாமே எழுதிக் கொடுக்க வேண்டும், சொல்லாவிட்டால் சாலை போகும். கோஷ் பாபு மின்விசிறியைப் பார்த்தார். நாங்கள் கோஷ் பாபுவைப் பார்த்தோம். ஆபீசர் என் பக்கம் திரும்பி, நீங்கள்தானே அன்றைக்குத் தமிழ் டிரைவர்கள் சொன்னதை மொழிபெயர்த்தது, ஏதாவது தவறு நேர்ந்திருக்குமா என்று கேட்டார். பாவம், எனக்கு வழிவிடத்தான் கேட்டிருக்கிறார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு வார்த்தை மாறவில்லை சார் என்றேன். வெளியே வந்ததும் கோஷ் பாபு, முத்தையா தாதா, உங்க தமிழ் ரொம்ப சுத்தம் என்றார், அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

இப்போது லாரிகள் ஆற்றைத் தாண்டி வருவதில்லை. கோபு பஸ் பிடித்து வந்து என்னைப் பார்த்தான், கோவிச்சுக்காதீங்கண்ணா, பத்து மணி ஆகற வரைக்கும் நின்னுட்டு அப்புறம் ஊருக்குள்ள வந்து லோடு தேடினா வண்டி ஓனர் என்னைத் தேடுவாருங்க என்றான். அங்கே ஹைவேயில் தகரக் கொட்டகை போட்டு, செல்போன் வைத்துக்கொண்டு, நம் சுந்தரம் லோடு பிடித்துக் கொடுக்கிறான். உனக்கு நினைவிருக்கும், நம்மிடம் எழுத்து வேலை பார்த்து, சண்டை போட்டுக்கொண்டு போனவன், இவனெல்லாம் எங்கே பிழைக்கப்போகிறான் என்று நான்தான் ஜோசியம் சொன்னேன். கிதர்பூரில் நான் பெஞ்சைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து வீட்டு போஸ் தாதா அந்த வழியாக வந்தவர், இப்பதான் மனுஷன் நடக்கிற சாலை மாதிரி இருக்கு, பிள்ளைங்க பயமில்லாம ஸ்கூலுக்குப் போகுதுங்க என்றார். அது உண்மை, நானே பார்க்கிறேன். உண்மையாக இருப்பதால் இன்னும் எரிகிறது.

உன் மேல் கோபமா என்று அம்மா கேட்டாள். இருக்கிறது. நியாயம் இல்லாத கோபம், யார் மேலாவது வைக்க வேண்டியிருக்கிறது, நீ தூரத்தில் இருக்கிறாய், தாங்குவாய். நீ திட்டம் போடுகிற ஊரிலும் எங்காவது ஒருவன் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பான் என்று நினைத்துக்கொள்கிறேன். இதற்கு விளக்கம் எழுத வேண்டாம், எழுதினால் எனக்குப் புரிந்துவிடும், அப்புறம் கோபப்படக்கூட ஆள் இருக்காது.

டிக்கெட் அனுப்புகிறேன், ரெண்டு பேரும் வந்துடுங்க என்றாய். இப்போது வேண்டாம் அம்மிணி. அங்கே வந்தால் உன் பால்கனியில் நின்று போகிற வருகிற லாரியைப் பார்த்து, அதில் ஒன்றைக்கூட நிறுத்திப் பேச முடியாமல், பைத்தியம் பிடித்துவிடும். போன ஞாயிற்றுக்கிழமை சுந்தரம் வீட்டுக்கே வந்துவிட்டான். அண்ணா, டிரைவருங்க எல்லாம் உங்களைத்தான் கேக்கறாங்க, கொட்டகையில உங்களுக்கு ஒரு மேஜை போட்டுத் தர்றேன் என்றான். பழசு எதையும் பேசவில்லை, அதுதான் எனக்கு முள்ளாகக் குத்தியது, இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் சமமாகியிருக்கும். அவன் போனதும் அம்மா, அவங்கிட்டக் கையக் கட்டி நிக்கறதுக்கு ஊட்டுலயே படுத்துக்கலாம் என்றாள். படுத்துப் பார்த்தேன், மத்தியானம் வரைக்கும்கூட முடியவில்லை. வருகிற திங்கட்கிழமை முதல் போகிறேன். அம்மா பேச்சை நிறுத்திவிட்டாள், ஆனால் டிபன் கேரியரைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருக்கிறாள், அதைச் சம்மதம் என்று நானே எடுத்துக்கொண்டேன்.

பனியில் சைக்கிள் ஓட்டாதே. ராத்திரி வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே. நாமக்கல் ஆஞ்சநேயர் உன்னை நல்ல உடம்போடும் நல்ல பேரோடும் வைத்திருக்கட்டும், கை வைத்த காரியம் எல்லாம் உனக்கு முடியட்டும். ஊரிலிருந்து சித்தப்பா கேட்டால் அப்பா ஹைவேயில் புதுக் கிளை திறந்திருக்கிறார் என்று சொல், நானும் அப்படித்தான் சொல்லப்போகிறேன். மறக்காமல் ஒன்று செய். ஆபீஸ் போன் நம்பரை நீ எழுதிவைத்திருக்கும் இடத்தில் எல்லாம் அடித்துவிடு. இணைப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், வேறு யாருக்காவது அதையே கொடுப்பார்களாம். நீ பழக்கத்தில் கூப்பிட்டு, எடுத்தவனை அப்பா என்று அழைத்துவிடப்போகிறாய்.

அன்புடன் அப்பா,
மு. முத்தையா